இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால்: உறவையும் முறிக்காமல் உண்மையையும் விடாமல் பேச ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகிக் கவுன்சலிங் தொடங்கும் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "நம் பிள்ளை இவ்வளவு கட்-ஆஃப் எடுத்தும் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. குறைவாக எடுத்தவனுக்கெல்லாம் கிடைத்துவிட்டது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் சமூகநீதி பற்றிச் சொல்லத் தொடங்குவார். குரல் உயரும். "உனக்கு என்ன தெரியும்" என்பதில் தொடங்கி "உங்கள் புத்தியே இப்படித்தான்" என்பதில் போய் நிற்கும். இந்த ஒரு பேச்சால் அண்ணன் தம்பிக்குள் போக்குவரத்து நின்றுபோன வீடுகள் உண்டு. ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் தனித்தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கும் அலுவலகங்களும் உண்டு.

இட ஒதுக்கீடு தேவை என்று உறுதியாக நம்பும் தரப்பிலிருந்து இதை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களுக்கும் இந்த வழிமுறைகள் உதவும். ஏனென்றால் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை கொள்கையில் தொடங்குவதில்லை. ஒருவர் தன் வீட்டு ஏமாற்றத்தைச் சொல்கிறார், மற்றவர் அதற்கு அரசமைப்புச் சட்டத்தைப் பதிலாகத் தருகிறார். ஒருவர் எங்கோ கேட்ட தவறான தகவலைச் சொல்கிறார், மற்றவர் அவரைச் சாதிவெறியர் என்கிறார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பிரித்தறியும் பழக்கம் வந்தால் பேச்சு வேறு திசையில் நகரும்.

படி 1: பேசுவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் கல்வியிலும் அரசு வேலையிலும் இட ஒதுக்கீடு 69 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 69 எப்படிப் பிரிகிறது என்று கேட்டால் ஆதரிப்பவர்களே தடுமாறுவார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. பட்டியல் சாதியினரின் 18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. "எல்லா சீட்டும் எஸ்.சி.க்கே போகிறது" என்று ஒருவர் சொல்லும்போது, கோபப்படாமல் "நூற்றுக்குப் பதினெட்டு" என்று நிதானமாகச் சொல்ல இந்தக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும்.

அடுத்தது, மீதமுள்ள 31 சதவீதம் பற்றிய குழப்பம். அது முற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அது பொதுப்போட்டி. தரவரிசையில் முன்னால் நிற்கும் யாரும், எந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும், அந்த இடங்களைப் பெறலாம். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி மாணவர்கள் நல்ல மதிப்பெண் எடுத்துப் பொதுப்போட்டியில் இடம்பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். இதைத் தெரியாத ஒருவர், "எங்கள் 31இலும் அவர்கள் புகுந்துவிட்டார்கள்" என்று உண்மையாகவே வேதனைப்படுவார். அந்த வேதனைக்குக் காரணம் வெறுப்பு என்று நாம் முடிவுகட்டினால் பேச்சு அங்கேயே முறியும். விதியை விளக்கினால் பலர் அமைதியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, "அம்பேத்கரே பத்து வருடம்தானே சொன்னார்?" என்ற கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 334ஆவது பிரிவு பத்தாண்டு என்று வரையறுத்தது மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்குத்தான். அந்தக் காலவரம்பு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030 வரை இருக்கிறது. கல்விக்கும் வேலைக்குமான ஒதுக்கீட்டுக்கு அப்படி ஒரு காலவரம்பு எழுதப்படவே இல்லை. இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொன்னாலே வழக்கமான சண்டைகளில் ஒன்று குறைந்துவிடும்.

மத்திய அரசின் கணக்கும் மாநிலக் கணக்கும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மத்தியில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட பிரிவினருக்கு 10. தனியார் நிறுவன வேலைகளில் இட ஒதுக்கீடு கிடையாது. மகனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைக்காததற்கும் கோட்டாவையே குறை சொல்லும் தந்தைகளைப் பார்க்கிறோம். அவர்களிடம் இதை மெதுவாக எடுத்துச் சொல்லலாம்.

படி 2: பதிலுக்கு முன் ஒரு கேள்வி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்தப் படியைத்தான் சொல்வேன். ஒரு உரையாடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பம். "இந்தக் கோட்டாவை ஒழித்தால்தான் நாடு உருப்படும்" என்கிறார் சித்தப்பா. கையில் 1921இன் வகுப்புவாரி அரசாணை முதல், பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு பரிந்துரைத்த மண்டல் குழு வரை தயாராக வைத்திருக்கும் அண்ணன் மகன், அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கேட்கிறான்:

"சித்தப்பா, தங்கச்சி எந்தக் கல்லூரி கேட்டிருந்தாள்?"

"கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"எவ்வளவில் போனது?"

"ஒன்றரை மதிப்பெண். ஒன்றரைதான். காலை நாலரைக்கு எழுந்து படித்த பிள்ளை. லிஸ்ட் வந்த அன்றைக்குச் சாப்பிடவே இல்லை."

"இப்போது எப்படி இருக்கிறாள்?"

சித்தப்பா பேசியது நாட்டைப் பற்றி அல்ல, மகளைப் பற்றி என்பது இந்தச் சில வரிகளில் வெளியே வந்துவிட்டது. இந்த இடத்தில் உடனே "ஆனாலும் சித்தப்பா..." என்று தொடங்காதீர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசுங்கள். சேர்ந்த கல்லூரி எப்படி, விடுதி எப்படி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் மனம் சற்று ஆறிய பிறகு இன்னொரு கேள்வி கேட்கலாம்: "அவள் ஒன்றரை மதிப்பெண்ணில் தவறவிட்டது எந்தப் பட்டியலில்?"

பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான். அதாவது அந்த இடம் போனது இன்னொரு பி.சி. பிள்ளைக்கு. கோட்டா இல்லாமல் போனால் அந்தப் பட்டியலே இருக்காது, பொதுப்போட்டி மட்டும்தான் மிஞ்சும். விண்ணப்பிப்பவர்கள் லட்சக்கணக்கில், கிண்டியில் அந்தப் பாடப்பிரிவின் இடங்களோ சொற்பம். சித்தப்பாவின் கோபம் போக வேண்டிய இடம் அந்தப் பற்றாக்குறைதான். நல்ல அரசுக் கல்லூரிகள் இன்னும் ஏன் பெருகவில்லை என்ற கேள்வியை அவரும் நாமும் சேர்ந்தே கேட்க முடியும்.

இதை நாமே சொல்வதைவிட, முந்தைய ஆண்டுகளின் வகுப்புவாரிக் கட்-ஆஃப் விவரத்தை அவரோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பட்டியலைத் தானே படித்தவர் அடுத்த இடத்தில் வேறு மாதிரி பேசுவார்.

படி 3: தகவலா, காயமா, நியாயமா?

எதிரில் இருப்பவர் சொல்வது மூன்றில் எது என்று பாருங்கள். தகவல் பிழை என்றால் தகவலைத் திருத்துங்கள். சொந்தக் காயம் என்றால் கேளுங்கள், திருத்தாதீர்கள். எது நியாயம் என்ற கருத்து வேறுபாடு என்றால் மட்டுமே வாதிடுங்கள்.

நடைமுறையில் மூன்றும் பின்னிப் பிணைந்துதான் வரும். கோயில் வருமானத்தை மட்டும் நம்பி வாழும் ஓர் அர்ச்சகரின் மகன், "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று கேட்டால் அதில் மூன்றும் இருக்கும். அவர் வறுமை உண்மை. அதற்கு அவருடைய பாட்டனாரின் காலத்து ஆதிக்கத்தைப் பதிலாகச் சொல்வது இரக்கமற்ற செயல். மத்திய அரசின் கல்வி நிலையங்களிலும் வேலைகளிலும் 10 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவர் விண்ணப்பிக்க வழி உண்டு என்பதைச் சொல்லுங்கள். மாநில அரசின் இடங்களில் தமிழ்நாடு அதை நடைமுறைப்படுத்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நியாயம் பற்றிய விவாதம் அதன் பிறகு, அவர் விரும்பினால்.

படி 4: வீட்டுக் கதையைக் கேளுங்கள்

குடும்பத்துக்குள் பேசும்போது இதைப்போல் பயன் தரும் வழி வேறில்லை. பி.சி. சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் கோட்டாவைத் திட்டினால், "நீங்களும் கோட்டாதானே!" என்று மடக்கத் தோன்றும். மடக்கினால் அவர் தலைகுனிவார், நம்மை மன்னிக்க மாட்டார். அதற்குப் பதிலாக, "நம் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனது யார்?" என்று கேளுங்கள்.

எத்தனையோ வீடுகளில் பதில் ஒரு பெரியப்பாவோ அத்தையோதான். அவர் எந்த ஆண்டில் படித்தார், எப்படி இடம் கிடைத்தது, உதவித்தொகை எங்கிருந்து வந்தது, விடுதி யார் நடத்தியது என்று விசாரித்துக்கொண்டே போனால், குடும்பத்தின் ஏணி எங்கே தொடங்கியது என்பது வெளிப்படும். பெரியவர்கள் இதைச் சொல்ல ஆசைப்படுவார்கள். முதல் பட்டதாரிச் சலுகை பெற்ற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் அந்தச் சான்றிதழே பேசும்.

1928இல் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தபோது 12 பணியிடங்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லலாம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. யாரையும் வெளியே நிறுத்தாமல் எல்லோருக்கும் பங்கு வகுத்த ஏற்பாடாகவே அது தொடங்கியது. ஒடுக்கப்பட்டோருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இந்தக் கதையில் எல்லோருடைய குடும்பத்துக்கும் எங்கோ ஓர் இடம் இருக்கிறது.

படி 5: சில சொற்களைத் தொடாதீர்கள்

"கோட்டாவில் வந்தவர்" என்ற சொல் ஒரு மனிதரின் மொத்த உழைப்பையும் துடைத்துவிடுகிறது. கல்லூரிக்குள் நுழைவதற்குத்தான் ஒதுக்கீடு. பருவத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், தேர்ச்சிக்கு ஒரே மதிப்பெண். "அந்த ஆட்கள்", "உங்கள் ஆட்கள்" என்பவையும் அப்படியே. நம் தரப்பிலும் தவிர்க்க வேண்டியவை உண்டு. "உன் சாதித் திமிர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் பிறகு நாம் சொல்லும் எந்தத் தகவலும் அவர் காதில் ஏறாது. அவர் சொன்ன வாக்கியத்தைக் கண்டியுங்கள், அவர் பிறப்பை இழுக்காதீர்கள்.

"எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவும் கேள்விகளும் இந்த வகைதான். அறிமுகமான முதல் நாளில் அதைக் கேட்பவரிடம் ஊர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். விளக்கம் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

படி 6: பாதிக்கப்பட்டவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

அலுவலக மதிய உணவு நேரம். பதவி உயர்வுப் பட்டியல் வந்திருக்கிறது. ஒருவர் "இப்போதெல்லாம் தகுதிக்கு எங்கே மதிப்பு?" என்கிறார். மேசையில் இருக்கும் பட்டியல் சாதி நண்பர் எதுவும் சொல்வதில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், பாதி சாப்பாட்டோடு டப்பாவை மூடுகிறார். இன்னொருவர் நல்லெண்ணத்தோடுதான் அவர் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: "நீங்கள் சொல்லுங்கள், உங்கள் கருத்து என்ன?"

இதைச் செய்யாதீர்கள். தன் பிழைப்பையும் தன் தகுதியையும் சக ஊழியர்கள் முன் நிரூபிக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். அவர் பேசினால் "கோபக்காரர்", பேசாவிட்டால் "ஒப்புக்கொண்டார்" என்றாகிவிடும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "தகுதி இல்லாத யார் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் வேலையைப் பேசுவோம்" என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். பெரும்பாலும் யார் பெயரும் வராது. வந்தால், "சாப்பாட்டு மேசையில் சக ஊழியரைப் பற்றி இப்படிப் பேச வேண்டாம்" என்று முடித்துவிடுங்கள். பிறகு அந்த நண்பரைத் தனியே பார்த்து, "நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

அமைதியாகப் பேசுங்கள் என்ற அறிவுரையை நான் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுதும் இந்தக் கேள்விகளைச் சுமந்தவர் ஒருநாள் வெடித்தால், அவர் குரலின் அளவைப் பேசுபொருளாக்குவது அநியாயம்.

படி 7: நல்ல எதிர்வாதம் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்

"பொருளாதார அடிப்படையில் கொடுத்தால் என்ன?" என்பது நேர்மையாகவே கேட்கப்படும் கேள்வி. தமிழ்நாடு அதையும் பார்த்திருக்கிறது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. வென்றது இரண்டே இரண்டு. பின்பு அந்த ஆணையை விலக்கிக்கொண்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார் எம்.ஜி.ஆர்.

தேர்தல் முடிவு எதிர்ப்பின் வலிமையைக் காட்டுகிறது, ஆனால் கேள்விக்குப் பதிலாகாது. பதில் வேறு இடத்தில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, தங்கள் நிலத்தின் வழியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மற்ற சாதியினர் விடாததால், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அந்த மனிதரிடம் பணம் இருந்திருந்தால் பாதை கிடைத்திருக்குமா என்று கேளுங்கள். வறுமை ஒரு துன்பம், சாதி இழிவு இன்னொரு துன்பம். இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது.

"வசதியானவர்களே திரும்பத் திரும்பப் பலன் அடைகிறார்கள்" என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மறுக்காதீர்கள். 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களை விலக்க வேண்டும் என்றது. மத்திய அரசின் ஒதுக்கீட்டில் அந்த வரம்பு இப்போது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் அப்படி வரம்பு இல்லை. பலன் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அருந்ததியர் உள் ஒதுக்கீடும் வந்தது. அத்தகைய உள் வகைப்பாடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மறுபுறம் மிகவும் பிற்படுத்தப்பட்டோரின் 20க்குள் வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆதரிப்பவர்களுக்குள்ளேயே இவ்வளவு வழக்கும் வாதமும் நடந்துகொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவர் ஒரு சந்தேகம் கேட்டதும் அவரை எதிரியாக்குவதில் பொருளே இல்லை.

உங்களுக்கு விடை தெரியாத கேள்வி வந்தால், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்துவிட்டுச் சொல்லவும் வேண்டும்.

படி 8: நிறுத்த வேண்டிய இடம்

கொள்கையைப் பற்றிய பேச்சு மனிதரை இழிவுபடுத்தும் பேச்சாக மாறும் நொடியில் நிறுத்துங்கள். சாதிப் பெயரை வசவாகச் சொல்வது, "அவர்களுக்குப் படிப்பு வராது" என்பது போன்றவற்றுக்கு எதிர்வாதம் தேவையில்லை. "இப்படிப் பேசினால் நான் எழுந்து போகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மற்றபடி, ஒரே வாதம் மூன்றாவது முறை சுற்றி வந்தாலும், பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தாலும், யாராவது குடித்திருந்தாலும் நிறுத்திவிடலாம். பார்வையாளர்கள் முன்னால் யாரும் மனம் மாறியதில்லை.

படி 9: சண்டை நடந்துவிட்டால்

இரண்டு மூன்று நாள் கழித்துப் போன் செய்யுங்கள். முதலில் உடல்நலமோ வீட்டு விஷயமோ பேசுங்கள். பிறகு, "அன்று குரலை உயர்த்தினேன் மாமா, அது தவறு. நான் சொன்ன கருத்தில் எனக்கு மாற்றமில்லை, பேசிய விதத்துக்கு வருந்துகிறேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள். உறவுக்காகக் கருத்தை விழுங்கிக்கொள்ளும் மன்னிப்பு அடுத்த கல்யாணத்தில் மறுபடி வெடிக்கும். அவர் போனை எடுக்காவிட்டால் அவருக்கு வேண்டிய யாரிடமாவது விசாரித்ததாகச் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகள் கேட்டால்

பெரியவர்கள் சண்டையிடும்போது கூடத்தில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அவன் என்னைவிடக் குறைவாக எடுத்து எப்படிச் சேர்ந்தான்?" என்று பதினேழு வயதுப் பெண் கேட்டால், "அது அவர்களுக்குச் சலுகை" என்பதும் தவறு, "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பதும் தவறு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். 2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் அந்த உள் ஒதுக்கீடு இருக்கிறது. லட்ச ரூபாய் கட்டி நீட் பயிற்சிக்குப் போனவரின் மதிப்பெண்ணும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மாலையில் அம்மாவுக்குக் கடையில் உதவியவரின் மதிப்பெண்ணும் ஒன்றா என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். இதில் சாதி இல்லாததால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பிறகு அவளே கேட்பாள்: "அப்படியென்றால் சாதிக்கு எதற்கு?" ஊரில் யார் வீடு எங்கே இருக்கிறது, யார் யார் வீட்டுக்குள் வருகிறார்கள், சுடுகாடு எத்தனை இருக்கிறது என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவரச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.